ஐந்தாம் கற்பனையும் நம் வாய்ச்சொல்லும்



"கெட்ட வார்த்தை பேசுவது எந்தக் கற்பனைக்கு விரோதம்?" என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டால், "இரண்டாம் கற்பனைக்கு" என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். சர்வேசுரனுடைய திருநாமத்தை வீணாய் உச்சரிக்கலாகாது என்பது அந்தக் கற்பனை. பிள்ளைகள் சொன்னது பிசகல்ல. ஆனால் நம் ஊர்ப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பவனுக்கு அது பாதிப் பதிலாகத்தான் தோன்றும்.

ஐரோப்பிய நாடுகளில் கோபம் வந்த மனிதன் கடவுள் பெயரையும் சேசுநாதர் பெயரையும் இழுத்துப் பேசுவது பழைய தீய வழக்கம். அந்த நாடுகளில் எழுதப்பட்ட ஞானோபதேச நூல்கள் அந்த நோயைக் கண்டு அதற்கேற்ற மருந்தை எழுதின. நம்மிடத்தில் உள்ள நோயின் குணம் சற்று வேறு. நம்மவர் கோபத்தில் சர்வேசுரனைத் தூஷிப்பது அபூர்வம். எதிரே நிற்பவனுடைய தாயைத்தான் வைகிறார்கள். அவன் உடன்பிறந்தவளை, அவன் பிறந்த சாதியை, அவன் நிறத்தை, அவன் அங்கக் குறைவை வைகிறார்கள். ஆகையால் நம் ஊர்க் கெட்ட வார்த்தை முதலாவதாக ஐந்தாம் கற்பனையின் காரியம். அசுத்தம் கலந்திருக்குமானால் ஆறாம் கற்பனையின் காரியமும் ஆகிறது. இந்த உண்மையை இவ்வாரம் சற்று நிதானமாய்ச் சிந்திப்போம்.

ஆண்டவர் அதை எங்கே வைத்தார்?

கொலை செய்யலாகாது என்னும் ஐந்தாம் கற்பனையைச் சேசுநாதர் மலைப்பிரசங்கத்தில் விளக்குகிறார். மத்தேயு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தில் அதைக் காணலாம். கொலையைப் பற்றிப் பேசத் தொடங்கினவர் கத்தியையும் தடியையும் பற்றிப் பேசவில்லை. சகோதரன் மேல் கொள்ளும் கோபத்தைச் சொல்லி, உடனே வசைச்சொற்கள் இரண்டைச் சொல்லுகிறார். கோபத்துக்கு ஒரு தீர்வை, முதல் வசைக்கு அதிலும் பெரிய தீர்வை, இரண்டாம் வசைக்கு நரக ஆக்கினை என்று படிப்படியாய் ஏற்றிக்கொண்டு போகிறார்.

அந்த இரண்டில் முதற்சொல் "ராக்கா" என்பது. அது சேசுநாதர் நாளில் பலஸ்தீன் நாட்டுச் சாதாரண ஜனங்கள் பேசிய அரமேய பாஷைச் சொல். மூளை இல்லாதவன், வெறும் மண்டை என்பது அதன் கருத்து. மத்தேயு சுவிசேஷம் கிரேக்க பாஷையில் நமக்கு வந்திருக்கிறது. ஆனால் இந்த ஒரு வசையை மட்டும் மொழிபெயர்க்காமல், தெருவில் கேட்ட ஓசையோடு அப்படியே வைத்திருக்கிறது. கேட்டவர்களுடைய காது அந்த ஓசையை அறியும். வசை என்பது கருத்தினால் மட்டுமல்ல, கேட்டுக் கேட்டுப் பழகின ஓசையினாலும் குத்துகிறது அல்லவா?

"மூளை இல்லாதவனே" என்பது இன்று நம் பட்டறைகளிலும் பேருந்துகளிலும் வழங்கும் வார்த்தைகளுக்கு முன்னால் எவ்வளவு சாதுவான சொல்! அதையே ஆண்டவர் கொலைக் கற்பனையின் கீழ் வைத்தாரென்றால், ஒருவனைப் பெற்றவளைக் குறித்து நம் வாயில் வருகிறவைகளை எங்கே வைப்பார்?

காரணம் இல்லாமல் அவர் அப்படி வைக்கவில்லை. கொலைகாரன் ஒருவனுடைய உயிரை எடுக்கிறான். வைகிறவன், "நீ மனிதரில் சேர்ந்தவன் அல்ல" என்று ஒருவனுக்கு அறிவிக்கிறான். அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் இதையே வேறு வகையாய்ச் சொல்லுகிறார். சர்வேசுரனைத் துதிக்கும் அதே நாவினால், சர்வேசுரனுடைய சாயலாக உண்டாக்கப்பட்ட மனிதரைச் சபிக்கிறோமே, ஒரே ஊற்றில் நல்ல தண்ணீரும் கசப்புத் தண்ணீரும் சுரக்குமா என்பது அவருடைய கேள்வி. ஆகவே நம் நாட்டு வசையிலும் இரண்டாம் கற்பனை மறைவாய் மீறப்படுகிறது. சர்வேசுரனுடைய பெயரைத் தொடாதவன் அவருடைய சாயலைத் தொட்டுவிடுகிறான்.

எல்லை ஊரின் சோதனை

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இந்தச் சோதனைக்கு ஒரு தனி உருவம் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெரிய ஆலைகள் இங்கே வேலையைத் தொடங்கின. அவைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எழுந்தன. அத்திப்பள்ளியை எட்டினாலே கர்நாடகம். சிறிது தூரத்தில் ஆந்திரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் இங்கே தலைமுறை தலைமுறையாய்ப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்து வந்தவை. இப்போது ஜார்கண்ட், ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த வாலிபரும் யுவதிகளும் நம்மோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு. சோட்டா நாகபுரி மலைநாட்டில் 1885-ஆம் ஆண்டு முதல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்னும் சேசுசபைக் குருவானவர் உழைத்ததன் பலனாக வேரூன்றிய கத்தோலிக்கக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று தென்னாட்டு ஆலைகளில் வேலைக்கு வருகிறார்கள்.

இப்படி வருகிற ஒருவன் நம் பாஷையில் முதலாவது எந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளுகிறான்? வேடிக்கைக்காக அவனுக்குக் கெட்ட வார்த்தையைக் கற்றுக்கொடுத்து, "மேஸ்திரியிடம் போய்ச் சொல்லு, சந்தோஷப்படுவார்" என்று அனுப்பிவைத்துச் சிரிப்பதைப் பலர் கண்டிருக்கலாம். அதற்கு மாறாக நாமும் தெலுங்கு, கன்னடம், இந்தியில் உள்ள வசைகளைப் பொருள் தெரியாமலே பொறுக்கிக்கொண்டு, "அது நம் பாஷை அல்லவே, என்ன தோஷம்?" என்று தாராளமாய் வழங்குகிறோம்.

சகோதரரே, சொல்லின் பாரத்தைச் சொல்லுகிறவனுடைய காதைக்கொண்டு நிறுக்கலாகாது. கேட்கிறவனுடைய காதைக்கொண்டே நிறுக்க வேண்டும். அந்நிய பாஷை வசை நம் வாயில் வெறும் ஓசையாயிருக்கும். ஆனால் அதைத் தாய்ப்பாஷையாய்க் கொண்டவனுக்கு அது அவன் தாயைப் பற்றின சொல். கையில் உள்ளது என்னவென்று தெரியாமல் எறிந்தாலும் கல் கல்தானே!

நாம் சொல்லும் சாக்குகள்

"அது வாய்ப்பழக்கம், மனதில் ஒன்றுமில்லை" என்பது முதற்சாக்கு. நினையாமல் தவறி வந்த ஒரு சொல்லுக்கும், தெரிந்து வேண்டுமென்று சொன்ன சொல்லுக்கும் பேதம் உண்டு. திருச்சபை அதை மறுப்பதில்லை. ஆனால் பழக்கம் தானாக முளைப்பதில்லை. ஒவ்வொரு தடவையாய் நாமே அதை வளர்த்தோம். அதைப் பிடுங்க முயற்சி செய்கிறவனுக்குப் பழக்கம் குற்றத்தைக் குறைக்கும். முயற்சியே செய்யாமல் அதன் மேல் சாய்ந்து உட்காருகிறவனுக்கு அது கேடயமாகாது. வாயிலிருந்து புறப்படுகிறது இருதயத்திலிருந்து புறப்படுகிறது என்று ஆண்டவர் படிப்பித்திருக்கிறார். மனதில் ஒன்றுமில்லை என்கிறவன் தன் மனதைத் திறந்து பார்க்கட்டும்.

"சிநேகிதருக்குள் அன்பாய்ச் சொல்லிக்கொள்ளுகிறோம்" என்பது இரண்டாம் சாக்கு. இருவருக்குள் மனத்தாங்கல் இல்லாதிருக்கலாம். ஆனால் கம்பெனிப் பேருந்தில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைக்கு உங்கள் சிநேகிதம் தெரியாது. அந்த வார்த்தை மட்டுமே தெரியும். தேநீர்க் கடையில் கண்ணாடித் தம்ளர் கழுவும் பையனுக்கும் அப்படியே. அவர்கள் முன் பேசுவது துர்மாதிரிகை. மேலும், விளையாட்டில் தீட்டி வைத்த கத்தி சண்டையில் கைக்கு முதலாவது அகப்படும்.

"திட்டாவிட்டால் வேலை நடக்காது" என்பது மூன்றாம் சாக்கு. இதை மேற்பார்வை செய்கிறவர்கள் சொல்லுகிறார்கள். இது வேலை சம்பந்தமான வாதமானபடியால் வேலையைக் கொண்டே பதில் சொல்லுவோம். பவர் பிரஸ் முன்னே நிற்பவனுக்கு இரண்டு கையும் முழுக் கவனமும் வேண்டும். எல்லார் முன்னும் தாயை இழுத்துத் திட்டு வாங்கினவனுடைய கவனம் எங்கே இருக்கும்? இன்னும் ஒன்று. திட்டுக்குப் பயந்த அப்ரண்டிஸ் தான் அளவு தவறிச் செய்த பாகத்தை எடுத்துக் காட்டமாட்டான். நல்ல பாகங்களோடு சேர்த்துத் தள்ளிவிடுவான். நம் ஊரில் செய்யப்படுகிறவை வண்டிகளும் வண்டிகளின் உறுப்புகளும் ஆயிற்றே! பிரேக்கில் ஓர் உறுப்பு பழுதானால் எங்கோ ஒரு சாலையில் ஒரு குடும்பம் அதற்குப் பலியாகலாம். மரியாதையோடு நடத்தப்படுகிறவன்தான் "ஐயா, இது தவறிப்போயிற்று" என்று நேரே வந்து சொல்லுவான்.

கண்டிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆண்டவரும் பரிசேயரைக் கடுமையாய்க் கண்டித்தார். "இந்தத் துளை அளவு தவறியிருக்கிறது, எடுத்துத் திரும்ப அளந்து பார்" என்பது கண்டிப்பு. அதோடு அவன் பிறப்பைச் சேர்த்துச் சொன்னால் துளை சரியாகிவிடுமா? செயலைக் கண்டியுங்கள், பிறப்பைத் தொடாதேயுங்கள். இயந்திர இரைச்சலில் ஆபத்தை அறிவிக்க உரத்த சத்தம் வேண்டியதே, ஆனால் "நில்!", "கை!" என்ற சொற்களைவிடச் சீக்கிரமாய் ஆபத்தைத் தடுக்கும் வசை ஒன்றும் இல்லை.

சாதிப் பெயரும் பெண்களின் மானமும்

இரண்டு காரியங்களை மூடாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவனுடைய சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைச் சிலர் கெட்ட வார்த்தை என்றே எண்ணுவதில்லை. அசுத்தமான சொல் ஒன்றும் அதில் இல்லையே என்கிறார்கள். ஒரே ஞானஸ்நானத் தண்ணீரில் பிறந்து, ஒரே நற்கருணைப் பந்தியில் உட்கொள்ளுகிறவர்கள் இப்படிப் பேசினால், அவர்கள் உட்கொண்ட அப்பமே அவர்களுக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லும். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப் பார்வையில் சாதிப் பெயரால் வைவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு, தண்டனைக்குரிய குற்றம்.

வேலைத்தலங்களில் பெண்கள் திரளாய் வேலை செய்கிற காலம் இது. அவர்கள் காதில் விழும்படி இரட்டை அர்த்தம் பேசிச் சிரிப்பது அற்ப வேடிக்கை என்று ஒருவரும் எண்ண வேண்டாம். விரும்பத்தகாத ஆபாசப் பேச்சும் பாலியல் தொந்தரவு என்றே 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களில் முறையீட்டை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. இவையன்றி, பொதுவிடத்தில் பிறருக்குத் தொந்தரவாக ஆபாசச் சொல் பேசுகிறவனுக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு கூறுகிறது.

சட்டத்தைச் சொன்னது பயமுறுத்துவதற்காக அல்ல. ராஜாங்கமே ஒரு சொல்லைக் காயமென்று ஒப்புக்கொள்ளும்போது, கிறிஸ்தவன் "வெறும் பேச்சுத்தானே" என்று சொல்லலாமா என்பதே கேள்வி.

ஆணையும் சாபமும்

இரண்டாம் கற்பனையை நாம் முற்றும் காத்துவிட்டோம் என்றும் மெத்தனமாயிருக்க வேண்டாம். காய்கறி வியாபாரத்தில் இரண்டு ரூபாய்க்காக "சாமி சத்தியமாய்" என்கிறோம். வேலைக்கு வராததற்குச் சாக்குச் சொல்லி, "என் பிள்ளை மேல் சத்தியம்" என்கிறோம். வீட்டில் பிள்ளை சோறு சிந்தினால் "நாசமாய்ப் போ", "விளங்காமல் போவாய்" என்று பெற்ற வாயே சபிக்கிறது. பொய்யாய்ச் சர்வேசுரனைச் சாட்சிக்கு அழைப்பது கனமான பாவம். அற்ப காரியத்துக்கு அழைப்பது அவருடைய மகிமைக்குக் குறைவு. தீங்கு உண்மையாகவே வர வேண்டுமென்று மனதார விரும்பிச் சபித்தால், விரும்பின தீங்கின் அளவுக்கு அந்தப் பாவமும் பெரிதாகும்.

387-ஆம் ஆண்டில் அந்தியோக்கியா நகரத்து ஜனங்கள் வரிக்கொடுமையால் கலகம் செய்து, தெயோதோசியுஸ் சக்கரவர்த்தியின் சிலைகளைத் தள்ளி உடைத்தார்கள். நகரம் முழுவதும் மரண பயத்தில் நடுங்கியது. மேற்றிராணியார் பிளாவியான் மன்னிப்புக் கேட்கச் சக்கரவர்த்தியினிடம் புறப்பட்டுப் போனார். அந்தத் தபசுகாலத்தில் ஜனங்களைத் தேற்றும் பொறுப்பு, பிற்காலத்தில் பொன்வாய் என்று பெயர்பெற்ற அர்ச். அருளப்பர் மேல் விழுந்தது. அவர் நாள்தோறும் பிரசங்கித்ததில் திரும்பத் திரும்பச் சொன்ன புத்திமதி என்ன தெரியுமா? ஆணையிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதே! உயிர் போகிற சமயத்தில் இது பெரிய காரியமா என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். அவர் விடவில்லை. சிலையைக் கைகள் உடைத்தன. ஆனால் நாவுகள் மூட்டிய நெருப்பே கைகளை ஏவிற்று என்பதைக் கலகத்தைக் கண்ட நகரம் எளிதில் அறிந்துகொள்ளக் கூடும். முடிவில் சக்கரவர்த்தி நகரத்தை மன்னித்தார்.

நம் கோவிலில் தேவநற்கருணை ஆசீர்வாதத்துக்குப் பின் சொல்லும் துதிகள் எதற்காக ஏற்பட்டன என்பதைப் பலர் அறியார். தூஷணச் சொற்களுக்குப் பரிகாரமாக, 1797-ஆம் ஆண்டு லூயிஜி பெலிச்சி என்னும் சேசுசபைக் குருவானவர் அவைகளை இயற்றினார். பின்பு வந்த பாப்பரசர்கள் அதில் புதுத் துதிகளைச் சேர்த்தார்கள். 1964-ஆம் ஆண்டு ஆறாம் சின்னப்பர் பரிசுத்த ஆவிக்குரிய துதியைச் சேர்த்தார். ஒரு கெட்ட சொல்லுக்கு ஒரு நல்ல சொல் ஈடாகும் என்பதே அதன் கருத்து. ஆகையால் அடுத்த முறை அவைகளை ஓடுகிற வண்டியைப் பிடிப்பவர்போல் அவசரமாய்ச் சொல்லாமல், அந்த வாரத்தில் நாம் பேசின ஒவ்வொரு தீய சொல்லுக்கும் ஈடாக நிதானமாய்ச் சொல்லுவோம்.

நாவு எதற்காகத் தரப்பட்டது?

தமிழ் மக்களுக்கு இன்சொல் புதிதல்ல. திருவள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும், புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கினார். இவை அறத்துப்பாலில் உள்ளன. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன் பாஷையில் பெயர்த்தார். அந்நிய நாட்டுக் குருவானவர் ஒருவர் நம் பாஷையில் பொறுக்கி எடுத்தது எது, நாம் புதிதாய் வருகிறவனுக்கு அதில் பொறுக்கிக் கொடுப்பது எது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் வெட்கமாயிருக்கும்.

நாம் மிகவும் நேசிக்கும் பதுவை அர்ச். அந்தோனியார் 1231-ஆம் ஆண்டு மரித்தார். 1263-ஆம் ஆண்டு அர்ச். பொனவெந்தூர் முன்னிலையில் அவருடைய கல்லறையைத் திறந்தபோது, சரீரம் மண்ணாய்ப் போயிருந்தும் நாவு அழியாதிருக்கக் கண்டார்கள். அந்த நாவு இன்றும் பதுவை நகரில் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை தோறும் அவரிடம் காணாமற்போன பொருளைக் கேட்கிறோம். வேலையும் கல்யாணமும் கேட்கிறோம். நல்ல நாவைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

முற்காலத்து ஞானஸ்நானச் சடங்கில் குழந்தையின் நாவில் உப்பை வைப்பார்கள். அது ஞானத்துக்கு அடையாளம். 1969-ஆம் ஆண்டு வெளிவந்த புதுச் சடங்குமுறையில் அது இல்லை. காதையும் வாயையும் தொட்டு ஜெபிக்கும் சடங்கு இன்றும் உண்டு. அர்ச். சின்னப்பரும், நம் பேச்சு உப்பால் சாரமேறினதாய் இருக்கட்டும் என்று கொலோசெயருக்கு எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிறு பூசையில் ஆண்டவரை நாவில் வாங்கினாலும் கையில் வாங்கினாலும் இந்த வாயால்தான் உட்கொள்ளுகிறோம். திங்கட்கிழமை முதல் ஷிப்டு மணி அடிப்பதற்குள் அந்த வாயை வேறு எதற்காவது வாடகைக்கு விடலாமா?

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

பிள்ளைகள் கைபேசியில் பார்க்கும் படங்களிலும் விளையாட்டுகளிலும் கெட்ட வார்த்தை கற்றுக்கொள்ளுகிறார்கள் என்று பெற்றோர் முறையிடுகிறார்கள். முறையீடு நியாயமே, என்ன பார்க்கிறார்கள் என்பதை அருகில் உட்கார்ந்து கவனியுங்கள். ஆனால் பெங்களூர் நெடுஞ்சாலை நெரிசலில், மோட்டார் சைக்கிளின் முன்னால் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு, குறுக்கே வந்த வண்டிக்காரனுக்குத் தகப்பன் சொல்லும் வார்த்தை, பிள்ளையின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் சொல்லப்படுகிறது. கைபேசியைப் பிடுங்கிவிடலாம், தகப்பன் குரலைப் பிள்ளையின் நினைவிலிருந்து எப்படிப் பிடுங்குவது? சீராக்கின் ஞான நூல் 23-ஆம் அதிகாரத்தில் அழகான புத்திமதி ஒன்று உண்டு. பெரியோர் நடுவில் உட்காரும்போது தாய் தகப்பனை நினைத்துக்கொள். கெட்ட பேச்சுப் பழக்கத்தால் அவமானப்படாதிருப்பாய் என்பது அதன் கருத்து. நம் பிள்ளைகள் நம்மை நினைத்துக்கொண்டால் அவர்கள் வாய்க்கு நன்மை வருமா, கேடு வருமா?

பாவசங்கீர்த்தனமும் பரிகாரமும்

"கெட்ட வார்த்தை பேசினேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி எழுந்துவிடுகிறவர்கள் அநேகர். யாரை நோக்கி, எவ்வகையான சொல்லை, ஏறக்குறைய எத்தனை தடவை, சிறுவர் முன்பா, கோபத்திலா, வேடிக்கையிலா என்று ஆத்தும சோதனையில் பார்த்துச் சொல்வது நலம். கோபத்தில் தவறி வந்த சிறு சொல் பெரும்பாலும் அற்பப் பாவமாயிருக்கும். ஒருவனைப் பலர் முன் கனமாய் அவமானப்படுத்த வேண்டுமென்று அறிந்து மனதாரச் சொன்னது சாவான பாவமாகவும் கூடும். சந்தேகமிருந்தால் குருவானவரிடம் கேளுங்கள்.

பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும் காயம் ஆறவேண்டியிருக்கிறது. வசைகளைப் பற்றிப் பேசி முடித்தவுடனே ஆண்டவர் பீடத்தைப் பற்றிப் பேசுகிறார். காணிக்கை கொண்டுவந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுகொண்டால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் சமாதானமாக வேண்டும் என்கிறார். எல்லார் முன்பும் வைதவன் எல்லார் முன்பும் மன்னிப்புக் கேட்பது முறை. மேற்பார்வையாளர் கைக்கீழ் உள்ளவனிடம் மன்னிப்புக் கேட்டால் அதிகாரம் குறையும் என்பது வீண் பயம். அதனால் அவருடைய சொல்லுக்கு மதிப்பு கூடும்.

இவ்வாரப் பயிற்சி

முதலாவது: இரவு ஜெபத்தில், இன்று எத்தனை தடவை, யாரிடம் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணத் தொடங்கினாலே பழக்கம் பாதி தளரும்.

இரண்டாவது: ஒரு சொல் தவறி வந்தால், உடனே மனதுக்குள் சேசுவின் திருநாமத்தை வணக்கத்தோடு ஒருமுறை உச்சரியுங்கள். கேட்டவர் அருகிலிருந்தால், "மன்னிக்க வேண்டும்" என்று சொல்லுங்கள்.

மூன்றாவது: கெட்ட சொல் வருகிற இடத்தை வெறுமையாய் விடாமல் வேறொரு சொல்லால் நிரப்புங்கள். "அண்ணா", "அக்கா", "அம்மா" என்ற சொற்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒன்றுபோல் விளங்கும். சர்வேசுரன் இந்த எல்லைநாட்டுக்குக் கொடுத்த பொதுச்சொத்து அவை. கோபத்தில் வாய் திறக்கும்போது முதலில் "அண்ணா" என்று தொடங்கிப் பாருங்கள். பின்னால் வசை வரக் கூச்சப்படும்.

நான்காவது: பிற பாஷைக்காரன் ஒருவனிடம் அவன் பாஷையிலே ஒரு நல்ல வாக்கியம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். "சாப்பிட்டாயா?" என்பது போதும். தெலுங்கில் "தின்னாவா?" கன்னடத்தில் "ஊட்ட ஆய்த்தா?" இந்தியில் "கானா காயா?" எல்லாப் பாஷைகளிலும் ஏழை எளியவர் அன்போடு கேட்கும் கேள்வி இது ஒன்றே.

ஐந்தாவது: புதிதாய் வந்தவனுக்குக் கெட்ட வார்த்தை கற்றுக்கொடுத்துச் சிரிக்கும் கூட்டத்தில் சேராதேயுங்கள். தனியே அழைத்து, அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லி, அதற்குப் பதிலாக நல்ல சொல் ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்.

அர்ச். இராயப்பரை நினைத்துக்கொள்வோம். அவரும் பல ஜாதியார் கலந்த கலிலேயா நாட்டார். பிரதான குருவின் முற்றத்தில் அவருடைய பேச்சே அவர் ஊரைக் காட்டிக்கொடுத்தது என்று சுவிசேஷம் சொல்லுகிறது. அந்த இரவில் அவர் சபித்தும் ஆணையிட்டும் ஆண்டவரை மறுதலித்தார். அதே வாய்தான் பெந்தெகோஸ்தே நாளில் பல நாட்டார் முன் திறந்தது. அங்கே கூடியிருந்த ஒவ்வொருவனும் தன்தன் பாஷையில் சர்வேசுரனுடைய மகத்துவங்களைக் கேட்டான். சபித்த நாவை ஆண்டவர் வெட்டி எறியவில்லை. அழுது வருந்தினவனுடைய அந்த நாவையே சுத்திகரித்துத் தம் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

இவ்வூரில் பல பாஷைகள் ஒரே சாலையில் கூடுகின்றன. அவைகளில் ஒவ்வொருவனும் நம் வாயிலிருந்து எதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான் என்பது நம் கையில் இருக்கிறது. பரிசுத்த ஆவியின் இஷ்டப்பிரசாதத்தைக் கேட்டு, நாளைக் காலை முதற்சொல்லிலிருந்தே தொடங்குவோமாக.